வாங்குவதா, கட்டுவதா? ராம்நாட் கடற்கரையில் சிறு டிராக்டரும் சிறு லாரியும்

தை பிறந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பூருக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால், நம் மாவட்டத்து வண்டிகள் பாதிக்கு மேல் கண்ணெதிரே போய்விடும். நெல் மூட்டை அடுக்கிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு மெஸ்ஸி டிராக்டர், அறுவடைக்காக வெளியூரிலிருந்து லாரி மேல் ஏறி வரும் பெல்ட் மிஷின், கருவேலங்கரி மூட்டை லாரி, தொண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக விரையும் மீன் வண்டி, இடையில் எல்லாரையும் முந்தப் பார்க்கும் குட்டியானை. இவற்றின் கையளவு மாதிரிகளை அலமாரியில் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நம் பக்கம் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஆரம்பிக்கும்போது எல்லோரும் முட்டி நிற்கும் இடம் ஒன்று: காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பதா, உட்கார்ந்து கட்டுவதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிராக்டரை வாங்குங்கள், டிரெய்லரைக் கட்டுங்கள். லாரி என்றால் முன்பக்கத்தை வாங்கி, பின்பக்கப் பாடியைக் கட்டுங்கள். செலவை மிச்சம் பிடிக்க இதைச் சொல்லவில்லை. உலகத்தில் எது மாதிரியாகக் கிடைக்கிறது, எது கிடைக்கவே கிடைக்காது என்பதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன் அளவு. இதை முடிவு செய்யாமல் ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காதீர்கள். 1:32 என்றால் நிஜத்தில் 32 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ. ஐரோப்பாவில் பண்ணை இயந்திர மாதிரிகளுக்கு இதுதான் பொது அளவு. பிரிட்டன்ஸ், சிக்கு, யுனிவர்சல் ஹாபீஸ், வைக்கிங் போன்ற நிறுவனங்கள் எல்லாம் இதில் செய்கின்றன. பிரிட்டன்ஸ் நிறுவனம் அந்தக் காலத்தில் வார்த்த ஈயப் பொம்மை மனிதனின் உயரம் 54 மி.மீ. அவனுக்குப் பொருந்தும்படி மாடும் வண்டியும் செய்யப் போய் நிலைத்ததுதான் 1:32. அமெரிக்காவில் வேறு வழக்கம். 1945இல் அயோவா மாநிலத்தின் டுபுக் நகரில் தொடங்கிய எர்ட்டில் நிறுவனத்தின் தாக்கத்தால் அங்கே 1:16, 1:64 இரண்டும்தான் பேச்சு. லாரி சேகரிப்பவர்கள் இன்னொரு உலகம். உலோக மாதிரி என்றால் 1:50, துண்டு துண்டாக வந்து நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட் என்றால் 1:24.

நம் ஊரில் ஓடும் டிராக்டரின் நீளம் 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1:64இல் அது 5 செ.மீ., 1:32இல் 10 செ.மீ., 1:16இல் 20 செ.மீ. இதுவரை பரவாயில்லை. லாரிக்கு வாருங்கள். 8 மீட்டர் லாரி 1:16இல் அரை மீட்டர் ஆகிவிடும். நான்கு லாரிக்கு ஒரு சுவர் வேண்டும். 1:64இல் அதே லாரி 12.5 செ.மீ. தான், ஆனால் கொக்கி, சங்கிலி, கீல் எதையும் கையால் செய்ய முடியாது. டிராக்டரும் லாரியும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றால் 1:32 ஒன்றுதான் இரண்டுக்கும் நடுவான வழி. 1:50 லாரியை 1:32 டிராக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினால், ஓட்டுநரால் டிராக்டரில் ஏறிவிட முடியும், லாரிக் கதவுக்குள் நுழைய முடியாது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ இடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இனி வாங்குவதைப் பார்ப்போம். உள்ளூர்க் கடையில் கைக்கு எட்டுவது செண்டி டாய்ஸ் போன்ற இந்தியத் தயாரிப்புகள். லாரி, டிராக்டர், பஸ், ஆட்டோ எல்லாம் உண்டு, விலை சில நூறு ரூபாய்க்குள். சேகரிப்பாளர்கள் இவற்றைப் பொம்மை என்று ஒதுக்குவது நியாயமில்லை. நம் ரோட்டில் ஓடும் முகங்கள் இவற்றில்தான் இருக்கின்றன. குறை என்னவென்றால், டப்பாவில் அளவு போட்டிருக்காது. ஒரே நிறுவனத்தின் ஆட்டோவும் லாரியும்கூட ஒரே விகிதத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். 1:32க்கு அருகில் வந்தால் அதை முழுப் பொருளாகப் பார்க்காமல் மூலப்பொருளாகப் பாருங்கள். கேபினும் சக்கரமும் ஒருசேரக் கிடைத்த மாதிரி.

அடுத்தது வெளிநாட்டு உலோக மாதிரிகள். துல்லியத்தில் இவற்றை மிஞ்ச முடியாது. சின்னச் சின்ன விளக்கப்படம்வரை அச்சிட்டிருப்பார்கள். விலைதான் ஆயிரங்களில் போகும். நேரே தருவித்தால் சுங்கவரி வேறு. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரியை 2020 பட்ஜெட்டில் 20 விழுக்காட்டிலிருந்து 60க்கு ஏற்றினார்கள். 2023இல் அது 70 ஆனது. அளவு மாதிரிகளும் இதே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சானோ பெரியப்பா மகனோ இருந்தால் அவர்கள் பெட்டியில் ஒரு டிராக்டருக்கு இடம் கேட்பதுதான் ஊர் வழக்கம். "பேரீச்சம்பழ டப்பாவுக்குப் பதிலா இதைக் கொண்டாங்க மச்சான்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், வீட்டில் என்ன பதில் வருகிறது என்று.

வெளிநாட்டு மாதிரியில் நம் வண்டி இருக்குமா என்று கேட்பீர்கள். ஒளிந்திருக்கிறது, தேட வேண்டும். நம் பழைய டிராக்டர், லாரிகளில் பலவற்றுக்குத் தாய்வீடு வெளிநாடு. சென்னை டஃபே நிறுவனம் 1960இல் தொடங்கியது மெஸ்ஸி ஃபெர்குசன் கூட்டோடுதான். அதனால் யுனிவர்சல் ஹாபீஸின் எம்.எஃப். 35 மாதிரியை வாங்கினால், நம் வயலில் உழுத பழைய மெஸ்ஸி 1035இன் ஜாடை அப்படியே இருக்கும். ஐஷர் டிராக்டர் இந்தியாவில் 1959இல் ஃபரிதாபாத்தில் ஆரம்பித்தது. மூலம் ஜெர்மன் நிறுவனம். அந்த ஜெர்மன் ஐஷர்கள் இன்றும் மாதிரிகளாகக் கிடைக்கின்றன. மஹிந்திரா 1963இல் இறங்கியபோது கைகோத்தது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன், வண்டி பி-275. லாரியிலும் இதே கதை. டாடா 1954 முதல் 1969 வரை டெய்ம்லர்-பென்ஸ் கூட்டில் ஓட்டியதால்தான் நம் தாத்தாக்கள் வாயில் அது கடைசிவரை "பென்ஸ் லாரி". 1950களின் மூக்கு நீண்ட ஜெர்மன் பென்ஸ் மாதிரி ஒன்று கிடைத்தால் முக்கால் வேலை முடிந்தது. விதிவிலக்கு ஸ்வராஜ் டிராக்டர். 1974இல் வந்த ஸ்வராஜ் 724 துர்காபூர் ஆய்வுக்கூடத்தில் நம்மவர்கள் வடிவமைத்தது. அதற்கு வெளிநாட்டுத் தாய்வீடு இல்லை, ஆகவே வெளிநாட்டு மாதிரியும் இல்லை. ஸ்வராஜ் பிரியர்கள் கட்டித்தான் ஆக வேண்டும்.

பிளாஸ்டிக் கிட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இட்டாலெரி, ரெவெல் இரண்டும் 1:24இல் அருமையான லாரிகளைத் தருகின்றன. ரெவெல்லில் போர்ஷே ஜூனியர் 108, டாய்ட்ஸ் டி30 போன்ற பழைய டிராக்டர்களும் வந்திருக்கின்றன. கை பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் கட்டி முடித்தபின் நிற்பது ஜெர்மன் பண்ணையோ ஸ்வீடன் நெடுஞ்சாலையோதான். அதில் ஆசை உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். 1:14 ரிமோட் லாரிகள் வேறு பொழுதுபோக்கு, வேறு பர்ஸ்.

கட்டுவது பக்கம் வருகிறேன். ஏன் கட்ட வேண்டும்? நம் லாரிகளில் பெரும்பாலானவை கம்பெனியிலிருந்து சேசிஸாக வெளியே வந்து, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வருபவை. பலகை, ஆங்கிள், பூ வேலை, பெயிண்ட் எல்லாம் பட்டறைக்குப் பட்டறை மாறும். டிரெய்லரும் அப்படியே, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் பிறப்பது. இரண்டு டிரெய்லர் ஒன்றுபோல இருக்காது என்னும்போது எந்த நிறுவனம் அச்சு வார்த்து ஆயிரக்கணக்கில் விற்கும்? கடையில் எத்தனை தேடினாலும் கிடைக்காத பொருள் இது. ஒன்பது கொத்துக் கலப்பையும், சட்டிக் கலப்பையும், சேற்று வயலுக்குப் போடும் கேஜ் வீலும் இந்தப் பட்டியலில்தான் வரும்.

டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி பக்கப் பலகை என்று வைத்தால் 1:32இல் 95 மி.மீ., 57 மி.மீ., 19 மி.மீ. உள்ளங்கையில் அடங்கும். கஷ்டம் அளவில் இல்லை, கனத்தில். புதிதாகக் கட்டுகிறவர்கள் 3 மி.மீ. ஃபோம் ஷீட்டை வாங்கி வெட்டிவிடுவார்கள். 3 மி.மீ. சுவர் நிஜத்தில் ஏறக்குறைய 10 செ.மீ. ஆகிறது. டிரெய்லர் செங்கல் தொட்டியாகிவிடும்! கனத்தைச் சரியாகப் பிடிக்க வீட்டிலேயே இரண்டு பொருள் இருக்கிறது. காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் கனம் 0.76 மி.மீ. 32ஆல் பெருக்கினால் 24 மி.மீ., அதாவது லாரித் தளத்தில் போடும் ஒரு அங்குலப் பலகை. குளிர்பான அலுமினிய டின்னின் சுவர் கனம் சுமார் 0.1 மி.மீ. பெருக்கினால் 3 மி.மீ. தகடு. அளவெடுத்துச் செய்ததுபோல இரண்டும் பொருந்தும்.

டின்னின் மேலும் கீழும் வெட்டி எறிந்துவிட்டு நடுத்தகட்டை மட்டும் எடுங்கள். உப்புத்தாள் போட்டு வெளி அச்சையும் உள்பூச்சையும் தேய்த்துவிட்டு, பழைய வாரப்பத்திரிகை மேல் விரித்து, மை தீர்ந்த பேனா முனையால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு இழுத்தால், மறுபக்கம் டிரெய்லர் தகட்டில் இருக்கும் மடிப்புப் புடைப்பு அப்படியே எழும். அட்டையை 1.5 மி.மீ. பட்டையாகச் சீவி ஆங்கிள் சட்டமாக்குங்கள். அட்டை பெரும்பாலும் பி.வி.சி. என்பதால் அட்டையோடு அட்டை ஒட்டுவதற்குத் தண்ணீர்க் குழாய்ப் பசையே போதும், ஊசிமுனையில் தொட்டு வைத்தால் இரண்டும் கரைந்து ஒன்றாகும். தகட்டை அட்டையில் ஒட்ட அரால்டைட். ஃபெவிக்விக் சட்டென்று பிடிக்கும்தான், ஆனால் கேபின் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி பட்ட இடமெல்லாம் வெள்ளை பூத்துவிடும். கண்ணாடிக்கு ஃபெவிகால்தான், காய்ந்தால் தெரியாது.

அளவு எடுப்பது தனிக் கலை. டேப்பை நீட்டிக்கொண்டு நின்றிருக்கும் வண்டியைச் சுற்றி வந்தால் ஓட்டுநர் டீயை வைத்துவிட்டு எழுந்து வருவார். "என்ன சார், ஆர்.டி.ஓ. ஆபீஸா?" கேட்டுவிட்டு அளப்பதே நல்லது. "அண்ணே, இதே மாதிரி பொம்மை செய்யுறேண்ணே, கொஞ்சம் அளந்துக்கவா?" என்று சொல்லிவிட்டால் டேப்பின் மறுமுனையை அவரே பிடிப்பார். "தம்பி, அந்தப் பின்கதவைத் தூக்கிப் பாருங்க, உள்ளே ரெண்டு ஆங்கிள் ஓடுது, அதை விட்றாதீங்க" என்று வேலையையும் சொல்லிக்கொடுப்பார். டயரை அளக்கவே வேண்டாம், பக்கவாட்டில் எழுதியிருக்கிறது. 13.6-28 என்றால் அகலம் 13.6 அங்குலம், ரிம் 28 அங்குலம். 1:32இல் 11 மி.மீ., 22 மி.மீ.

கட்டுவதில் தோற்கும் இடமும் டயர்தான். தட்டையான எதையும் செய்துவிடலாம். வரிவரியாகக் கட்டை வைத்த டிராக்டர் டயரைக் கையால் செய்ய உட்காருவது வீண் வேலை. பொம்மையிலிருந்து கழற்றுங்கள், அல்லது முப்பரிமாண அச்சில் (3டி பிரிண்டரில்) போடுங்கள்.

அச்சை முழு வண்டிக்கும் பயன்படுத்தலாமே என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். பிரிண்டர் வாங்க வேண்டியதில்லை, கோப்பை அனுப்பினால் அச்சிட்டுக் கூரியரில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ரிம், கிரில், முகப்பு விளக்கு, டீசல் பம்ப் போன்ற சின்ன, சிக்கலான உறுப்புகளுக்கு அச்சுதான் அரசன். பெரிய தட்டையான பாடிக்கு அது வேண்டாம். இந்த அச்சுக்கு அதிகம் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியசை ஒட்டி இளகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது லாரியின் முதுகு வளைந்திருக்கும். ரெசின் என்னும் திரவத்தை இறுக்கிச் செய்யும் அச்சில் நுணுக்கம் இன்னும் கூடும். ஆனால் காயாத ரெசின் தோலுக்குக் கெடுதல், கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஒரே அறையில் குடும்பமே தூங்கும் வீட்டில் ரெசின் பிரிண்டர் வைக்காதீர்கள்.

இந்த ஒப்பீட்டில் வெளியூர்க்காரர்கள் கணக்கில் எடுக்காத ஒன்று நமக்கு உண்டு. உப்புக்காற்று. உலோக மாதிரிகள் இரும்பால் ஆனவை அல்ல. துத்தநாகத்தோடு சுமார் 4 விழுக்காடு அலுமினியம் சேர்த்த ஜமாக் கலவை அது. கலவையில் ஈயம் கலப்படமாகச் சேர்ந்திருந்தால், ஈரமும் வெப்பமும் சேர்ந்த காற்றில் உள்ளுக்குள்ளேயே அரித்து, பெயிண்ட் குமிழ்த்து, விரிசல் விட்டு, ஒருநாள் கையோடு உதிரும். இதற்கு மருந்து இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பழைய மாதிரிகளில் இது அதிகம், இப்போது வருபவற்றில் அரிது. ஆகவே யாராவது "ரொம்பப் பழசு, அபூர்வம்" என்று விலை சொன்னால், அடிப்பக்கத்தைத் திருப்பி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பாம்பன், மண்டபம் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள வீடானால், புது மாதிரியிலும் பெயிண்ட் படாத இரும்புச் சக்கர அச்சுகள் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக்கிலும் அட்டையிலும் கட்டியதற்கு இந்தப் பயம் இல்லை. நம் ஊரைப் பொறுத்தவரை கட்டுவதற்கு இது ஒரு கூடுதல் மதிப்பெண்.

கட்டியதற்கு வேறு எதிரி உண்டு. அலமாரியில் அந்துருண்டை போடுவது நம் வீட்டுப் பழக்கம். நாப்தலின் ஆவி பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், கிட் வண்டி இருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது. மெத்தென்ற டயர்களும் அப்படியே. அவற்றிலுள்ள எண்ணெய்த் தன்மை கசிந்து, நிற்கும் பிளாஸ்டிக் தளத்தில் தடம் பதித்துவிடும். சக்கர அச்சுக்கு அடியில் ஒரு சின்னக் கட்டை கொடுத்து டயரைத் தரையிலிருந்து ஒரு நூல் தூக்கி வையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். அது நிறம் மாறினால் வாணலியில் இளம்சூட்டில் வறுத்து மறுபடி வைக்கலாம், அந்த வாணலி அதன்பின் சமையலுக்கு வேண்டாம்.

பெயிண்டுக்கும் பருவம் பார்க்க வேண்டும். ஸ்பிரே டப்பாவின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் இறங்கி வெள்ளைப் புகை படர்ந்ததுபோல் ஆகிவிடும். வாடை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரேயைத் தொடாதீர்கள். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் சீக்கிரம் காயும், ஆனால் மணல் தூசி வந்து ஒட்டும், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவசரம் என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசுங்கள்.

பாரம் ஏற்றுவதில்தான் வண்டி உயிர் பெறும், அதுவும் கட்டுகிறவருக்கே வாய்க்கும். கரி லாரிக்கு நிஜக் கருவேலங்கரியையே நுணுக்கிப் போடலாம், கெடாது. வாலிநோக்கம் உப்பு லாரி செய்ய நினைத்தால் நிஜ உப்பு மட்டும் வேண்டாம். ஈரத்தை இழுத்து நீர்விட்டு, பக்கத்தில் நிற்கும் உலோக வண்டிகளையும் சேர்த்து அரிக்கும். கல்மாவுக் கோலப்பொடியை நீர்த்த ஃபெவிகாலில் பிசைந்து குவியுங்கள், ஒரு வித்தியாசமும் தெரியாது. அரிசிமாவுக் கோலப்பொடி என்றால் எறும்பு வரும். நெல் மூட்டைக்கு எம்-சீலை 24 மி.மீ. நீளத்துக்கு உருட்டி, ஈரமாக இருக்கும்போதே காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மேலே அழுத்தி எடுத்தால் சாக்கின் இழை பதிந்துவிடும். வண்டியின் நெற்றியில் ராமநாதசுவாமி துணையா, 786ஆ, வேளாங்கண்ணி மாதாவா என்பது உங்கள் விருப்பம். மூன்றும் ஒரே ரோட்டில்தான் ஓடுகின்றன.

என் விதி பொருந்தாத ஆட்களும் இருக்கிறார்கள். பின்னாளில் விற்கும் எண்ணம் உள்ளவர் வாங்க மட்டும் செய்யட்டும், டப்பாவையும் பத்திரமாக வைக்கட்டும். கையால் கட்டியதற்கு நம் பக்கம் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. பெல்ட் மிஷின்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்பவர் முதல் வண்டியாக அதைத் தொட வேண்டாம். கதிர்தூக்கிச் சுருளும் ரப்பர் பெல்ட்டும் சேர்ந்து ஆளைச் சலிக்க வைத்துவிடும். இரண்டு டிரெய்லரும் ஒரு கலப்பையும் முடித்துவிட்டு வரலாம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆயிரங்களில் போகும் உலோக டிராக்டரைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள். சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் லாரி இரண்டு வாங்கி, ஒன்றை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கடற்கரை மணலில் ஒரு கோடை விடுமுறை ஓடினால் கேபின் போய்விடும், டயர் நான்கும் நல்லபடியாக மிஞ்சும். அவை உங்களுக்கு.